மூன்று டெசிபெல்

குலசேகரத்தில் ஆனி மாசம்
மழை விடுகிற நேரம் பார்த்துத்தான்
டிரம்ஸ் பதிய முடியும்.
தகரக் கூரைக்கு
எங்கள் அஜினைவிடக் கை வேகம்.

அப்பா ரப்பர் ஷீட் போட்டுவைக்கிற அறை.
விலை ஏறட்டும் என்று விற்காமல்
கொடியில் தொங்கும் நூற்றிருபது ஷீட்டும்
எதிரொலியைத் தின்னும் என்பதை
முதல் கைதட்டலில் கண்டுபிடித்தேன்.
சத்தம் போய் முட்டியது, திரும்பி வரவில்லை.
நாற்றம் மட்டும் போகவில்லை.
"எடே, இதுக்குள்ள நின்னு காதல் பாட்டாடே?"
என்றாள் பெனிற்றா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

இரண்டே மைக்.
ஒன்று நான் வாங்கியது,
ஒன்று சபை வாலிபர் சங்கத்தில் இரவல்;
ஞாயிறு காலை ஆறு மணிக்குள்
பீடத்துக்குப் போய்விட வேண்டும்.
கிக்குக்கு ஒன்றை வைத்து
மற்றதை மாங்காய் பறிக்கிற தோட்டியில் கட்டி
மேலே தூக்கினோம்.
ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தால் சிம்பல் அலறுகிறது.
இரண்டு சாண் அந்தப் பக்கம் போனால்
அஜின் அடுத்த வீட்டில் வாசிக்கிறான்.

ஏழாவது டேக்கில் மழை.
எட்டாவதில் மீன்காரரின் ஹாரன்.
ஒன்பதாவது டேக்கில் எல்லாம் கூடிவந்தது,
பதிவுப் பொத்தானை
நான் அழுத்தியிருக்கவில்லை.
இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.
லேப்டாப் நின்றுபோயிற்று என்றுதான் சொன்னேன்.
கிடைத்தது பதினான்காவது.

பிறகு மிக்ஸிங் என்று பதினோரு ராத்திரி.
டிரம்ஸ் கேக்கல்ல என்றான் அஜின். ஏற்றினேன்.
குரல் முங்குது என்றாள் பெனிற்றா. ஏற்றினேன்.
என் கிட்டாரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை,
நானே ஏற்றிக்கொண்டேன்.
எல்லாக் கம்பியும் மேலே போய்ச் சிவப்பைத் தொட்டபோது
பாட்டு
சந்தை நாள் பஸ்போல இருந்தது.

பேஸ் வாசிக்கிற நவ்பல் மட்டும்
ஒன்றும் கேட்க மாட்டான்.
தக்கலைக்குக் கடைசி பஸ்ஸை நினைத்தபடி
"கொள்ளாம்" என்று எழுந்துபோவான்.
ஒரு ராத்திரி சும்மா
அவனை ம்யூட்டில் போட்டுப் பார்த்தேன்.
முழங்கால் மடங்கி
பாட்டு தரையில் உட்கார்ந்துவிட்டது.
யாரோ பார்த்துவிட்டதுபோலச் சட்டென்று
திரும்பப் போட்டேன்.

ஹெட்ஃபோனில் எல்லாம் கடல்தான்.
தாசையன் அண்ணனின் ஆட்டோவில்
பின்சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் உண்டு.
ஸ்டாண்டில், அடைமழைக்குள்,
தார்ப்பாயை இறக்கிவிட்டுக் கேட்டோம்.
வைப்பர் எங்கள் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஓடியது.
முழுசும் கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.
"பாட்டு கொள்ளாம் மக்கா.
அந்தப் பிள்ள என்னதான் சொல்லுது?"

வீட்டுக்கு வந்து
முதலில் டிரம்ஸைக் குறைத்தேன். இல்லை.
பேஸைத் தொட மனம் வரவில்லை.
மீதி இருந்தது நான்.
சரணத்தில் மட்டும் என்று சொல்லிக்கொண்டு
என் கிட்டாரை ஒரு டெசிபெல்,
பிறகு இன்னொன்று,
பிறகு, அரை மணி நேரம் கழித்து, மூன்றாவது.

அப்போதுதான் அந்தச் சொல் கேட்டது.
ஆறு மாசம் கூட வாசித்திருக்கிறேன்,
அவள் நீ வர வேண்டும் என்று பாடுவதாக.
என் கார்டு போய் விழுகிற இடத்துக்கு அடியில்
அவள் பாடிக்கொண்டிருந்தது
வர வேண்டாம்.
ஒரே ஓர் உயிரெழுத்து.
அதற்கு முன்னால் ஒரு சிறு மூச்சு வேறு,
கதவைச் சாத்துகிறவர்கள் இழுப்பதுபோல.

மறுநாள் கேட்டேன்.
"முதல்லயே அப்பிடித்தானடே பாடுறேன்,"
என்றாள், ஷீட்டை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபடி.
எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம்.
நவ்பல் பஸ்ஸுக்கு எழுந்திருக்கவில்லை.
"எடே," என்றான் அஜின்,
"டிரம்ஸ் இப்பவும் கேக்கல்ல."
திரையில் எதிலும் படாமல்
கையை லேசாக மேலே நகர்த்தினேன்.
தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான்.
"ஆங். இப்பம் சரி."